கையெழுத்தில்லாத முகங்கள்
நட்சத்திர அச்சுப்படங்களைச் சேகரிப்பது குறித்து, மதுரை வட்டாரத்தை முன்வைத்து

1967ஆம் ஆண்டில் இரண்டு முகங்கள் அச்சேறின. நியூயார்க்கில் ஆண்டி வார்ஹோல், மர்லின் மன்றோவின் முகத்தைப் பத்து வெவ்வேறு வண்ணச் சேர்க்கைகளில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து, ஒவ்வொன்றிலும் 250 பிரதிகள் வெளியிட்டார். அதே ஆண்டு ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதாவால் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த புகைப்படம், பிப்ரவரித் தேர்தலுக்குள் சுவரொட்டியாகித் தமிழகம் எங்கும் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார்.

இரண்டுமே புகைப்படத்திலிருந்து பிறந்தவை. இரண்டுமே திரையில் மக்கள் கொண்டாடிய முகங்கள். மன்றோ 1962 ஆகஸ்டில் இறந்த உடனேதான் வார்ஹோல் அவர் முகத்தைக் கையில் எடுத்தார், எம்.ஜி.ஆரின் படமோ குண்டடி பட்டவரின் படம். ஆனால் அச்சான பிறகு இரண்டின் கதியும் வேறு. நியூயார்க் படங்களின் பின்புறம் பென்சில் கையெழுத்தும் ரப்பர் முத்திரையில் வரிசை எண்ணும் உண்டு. எந்தப் பிரதி யாரிடமிருந்து யாரிடம் போனது என்று பல சமயம் சொல்லிவிடலாம். எம்.ஜி.ஆர். சுவரொட்டி எத்தனை அச்சானது என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. மழை கரைத்தது, ஆடு தின்றது, மிச்சத்தின் மேல் அடுத்த சுவரொட்டி ஏறியது.

மதுரைப் பக்கத்தில் நட்சத்திர முகங்களின் அச்சுப்படங்களைச் சேகரிக்க விரும்பும் எவரும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே குறைவாக அச்சடித்து அருமையை உண்டாக்கினார்கள். இங்கே மலை மலையாக அச்சடித்தோம், பிறகு தொலைத்தோம். அங்கே பிரதியின் பிறப்புச் சான்றைக் கலைஞரே எழுதிக் கொடுத்தார். இங்கே அதை எழுத வேண்டியவர் சேகரிப்பாளர்.

அச்சகம் கொடுத்த அழகு

வார்ஹோலின் முறை எளிமையானது. 'நயாகரா' (1953) படத்துக்காக எடுக்கப்பட்ட விளம்பரப் புகைப்படம் ஒன்றை வாங்கினார். அதன் நடுத்தர நிழல்களை எல்லாம் நீக்கி, கருப்பும் வெறுமையும் மட்டும் மிஞ்சும்படி செய்தார். அதை ஸ்கிரீனில் ஏற்றி, தட்டையான வண்ணப் பரப்புகளின் மேல் ரப்பர் பட்டையால் மையை இழுத்தார். உதட்டின் சிவப்பு உதட்டை விட்டு விலகி நின்றால் அப்படியே விட்டார். அச்சுத் தொழிலாளி பிழை என்று ஒதுக்குவதை அவர் பாணியாக்கினார்.

நம் ஊர் ரசிகர் மன்ற நோட்டீஸ்களில் இதே தோற்றத்தைக் காணலாம். காரணம்தான் வேறு. நான்கு வண்ணத்துக்குக் காசில்லாத மன்றம், நடிகரின் ஸ்டில்லைக் கொடுத்து அச்சுக்கான 'பிளாக்' எடுக்கச் சொல்லும். மலிவுக் காகிதத்தில் நுணுக்கமான புள்ளிகள் அடைத்துப்போகும் என்பதால் முகம் கருப்பு வெள்ளைத் துண்டுகளாகத் தெறிக்கும். பின்னால் ஒரு மஞ்சள் அல்லது ரோஸ் பரப்பு. இன்னும் கொஞ்சம் பகட்டு வேண்டுமென்றால், ஒரே உருளையின் இரு முனைகளிலும் இரண்டு மைகளை ஊற்றி நடுவில் கலக்கவிடுவார்கள். ஒரே ஓட்டத்தில் பச்சையில் தொடங்கி மஞ்சளில் முடியும் வானம் கிடைத்துவிடும். வண்ணங்கள் தம் இடத்தில் சரியாகப் பொருந்தாமல் போனாலும் நோட்டீஸ் நின்றுவிடாது. நூறாவது நாள் விழா காத்திருக்காது. வார்ஹோல் தேடிப்போன முரட்டு அழகு, இங்கே விலைப்பட்டியலிலிருந்து தானாகப் பிறந்தது.

இதற்கு எதிர்முனையில் இருப்பது சிவகாசியின் நுணுக்கமான வண்ண லித்தோ. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை பலருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கும் வெடிக்கும் லேபிள் வேண்டும். அந்தத் தேவையை ஒட்டித்தான் அங்கே அச்சகங்கள் பெருகின. லேபிள் அச்சடித்த எந்திரங்களிலேயே காலண்டரும் சினிமா சுவரொட்டியும் வந்தன. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனித் தகட்டில் லித்தோ ஓவியர் கையாலேயே புள்ளி வைத்து முகத்தின் சதையை எழுப்புவார். புகைப்படம் மாதிரியாக மட்டுமே இருக்கும். அச்சாவது அவர் கை.

அந்தக் கைகள் பலவற்றைப் பழக்கியவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, பிறகு கோவில்பட்டியில் தங்கியவர். அவரும் மாணவர்களும் நடத்திய தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் புகைப்படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலையும் தெய்வப் படம் எழுதும் வேலையும் ஒன்றாகவே நடந்தன. மனிதரின் புகைப்பட முகத்தைத் தெய்வத்தின் ஒளியோடு தீட்டும் வழக்கம் தென்மாவட்ட அச்சுப்படங்களில் ஊறிப்போனதற்கு இந்தப் பட்டறைகள் ஒரு முக்கியக் காரணம். காலண்டரில் எம்.ஜி.ஆருக்கும் முருகனுக்கும் ஒரே கன்னச் சிவப்பு இருப்பது தற்செயல் அல்ல.

ஏன் மதுரை

சிவகாசியில் அச்சானதை வாங்கி ஒட்டிய நகரங்களில் ஒன்று மதுரை. இங்கே சினிமாவுக்கு இருந்த பிடிக்குக் கட்டடங்களே சாட்சி. மதுரை ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸ் வெளியிட்ட 'சிந்தாமணி' (1937) ஈட்டிய லாபத்தில் அதே பெயரில் நகருக்குள் ஒரு தியேட்டர் எழுந்தது. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். திருப்பரங்குன்றம் பக்கத்தில் சித்ரகலா ஸ்டூடியோ இயங்கியது. 1980இல் எம்.ஜி.ஆர். மதுரை மேற்குத் தொகுதியில் நின்று வென்று முதல்வரானார். தியேட்டர் வாசலில் தொங்கிய முகமும் தேர்தல் சுவரில் ஒட்டிய முகமும் ஒன்றாகவே இருந்த ஊர் இது.

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில், வைகையின் வடபுறம் இருக்கும் பரவை போன்ற ஊர்களுக்கு இந்த முகங்கள் மூன்று வழிகளில் வந்தன. சாலையோரச் சுவர்களில் சுவரொட்டியாக, மளிகைக்கடையும் ஜவுளிக்கடையும் கொடுத்த காலண்டராக, தியேட்டரில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தின் அட்டையாக. மூன்றில் சுவரொட்டி மிகப் பெரியது, மிகக் குறைவாக மிஞ்சியது. ஒட்டியபின் அதை உரித்தெடுக்க முடியாது. எனவே இன்று கிடைக்கும் பழைய சுவரொட்டிகள் அநேகமாக ஒட்டப்படாமல் தங்கிவிட்டவை. விநியோகஸ்தர் அலுவலகம், தியேட்டர் கிடங்கு, அச்சகத்தின் மாதிரிக் கட்டு என்று அவற்றின் இருப்பிடங்கள் சிலவே. பாட்டுப் புத்தகம் பெட்டிக்குள் போனதால் பிழைத்தது. காலண்டரின் தேதித்தாள் தீர்ந்தபின் படத்தை வெட்டிப் பிரேம் போட்டவர்கள் புண்ணியத்தில் அதுவும் பிழைத்தது. ஆனால் வெட்டும்போது அடியிலிருந்த அச்சகத்தின் பெயர் போய்விட்டது.

2000களில் பிளெக்ஸ் வந்தபின் பேனர் ஓவியர்களின் வேலை படுத்தது. பிளெக்ஸ் விழா முடிந்ததும் குடிசைக்குக் கூரையாகவும் நெல்லுக்கு மூடுதுணியாகவும் போகிறது. முகம் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது, ஆயுள் முன்னைவிடக் குறைந்துவிட்டது.

காலத்தைக் கண்டுபிடிப்பது

எண்ணும் கையெழுத்தும் இல்லாத தாளின் வயதை எப்படிச் சொல்வது? தாளே சொல்லும், கேட்கத் தெரிந்தால். முதலில் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரைப் படிக்க வேண்டும். அச்சிட்டவர் பெயரும் இடமும் தாளில் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் விதித்திருந்தது. தேர்தல் சுவரொட்டி என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் கட்டாயம். அரசு தன் கண்காணிப்புக்காக வைத்த விதி, ஆய்வாளருக்குக் கிடைத்த கொடை.

அந்த வரியின் முகவரி பல உண்மைகளைக் கக்கும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. ஆறு இலக்க எண் இருந்தால் தாள் அதற்குப் பிந்தியது. சிவகாசி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு காமராஜர் மாவட்டம், 1997 முதல் விருதுநகர் மாவட்டம். மாவட்டப் பெயரை வைத்தே தாளை மூன்று காலகட்டங்களில் ஒன்றில் நிறுத்திவிடலாம். 'சென்னை ராஜ்யம்' என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது.

பாட்டுப் புத்தகத்தில் விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். 'ந.பை.' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில், ஏனென்றால் 1964 ஜூனில் 'நயா' கழற்றப்பட்டது. எழுத்தையும் கவனிக்க வேண்டும். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. 'லை', 'னை', 'ணை' ஆகியவை துதிக்கை வளைவோடு பழைய வடிவில் இருந்தால் அதற்கு முந்தைய அச்சு என்று ஊகிக்கலாம். பழைய அச்செழுத்துகளைத் தூக்கிப் போட மனமில்லாத சிறு அச்சகங்கள் அதன் பிறகும் சில காலம் பயன்படுத்தியிருக்கும். ஆகவே இது துணைச் சான்று மட்டுமே. படம் வெளியான ஆண்டும் முடிவான சான்று அல்ல. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் மறுவெளியீடாக வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொரு முறையும் புதிய சுவரொட்டியோடு.

அடுத்தது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கையால் எழுதிய லித்தோவில் புள்ளிகள் ஒழுங்கின்றி, ஓவியரின் விருப்பப்படி அடர்ந்தும் விலகியும் இருக்கும். ஆப்செட்டில் நான்கு வண்ணப் புள்ளிகளும் ஒரே அளவான இடைவெளியில் சிறு வட்டப் பூக்களாகக் கூடியிருக்கும். ஸ்கிரீன் பிரிண்டில் மை தடிமனாக, விரலுக்குத் தட்டுப்படும்படி நிற்கும். தட்டைப் பரப்பில் புள்ளியே இராது. கணினி இங்க்ஜெட்டில் தூவியதுபோல் மிக நுண்ணிய துளிகள் சிதறிக் கிடக்கும்.

போலியைப் பிடிக்க ஒரே ஒரு சோதனை போதும் என்றால், படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள். அசல் ஆப்செட் சுவரொட்டியில் கருப்பு எழுத்து முழுக்கருப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். பழைய தாளை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்திருந்தால் எழுத்தும் புள்ளிகளால் ஆனதாக இருக்கும். மடிப்புக் கோடு தொட்டால் தெரியாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால், மடிப்பும் சேர்த்து அச்சடிக்கப்பட்டது என்று பொருள்.

இணையத்தில் 'பாப் ஆர்ட்' என்ற பெயரில் விற்கும் ரஜினி, இளையராஜா கேன்வாஸ் படங்களில் பெரும்பாலானவை கணினி இங்க்ஜெட் வகை. வரவேற்பறைக்கு அவை அழகுதான். சேகரிப்பு என்று எண்ணி வாங்கக் கூடாது. எத்தனை அச்சிடுவோம் என்ற வரம்பு இல்லாத படத்துக்கு மறுவிலையும் இல்லை. வரம்பு கட்டி, எண்ணிட்டு, கையெழுத்திட்டு விற்கும் இளம் கலைஞர்களின் ஸ்கிரீன் பிரிண்ட் வேறு. அதை வாங்கும்போது மொத்தப் பிரதிகள் எத்தனை என்ற எழுத்துச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

எண்ணிட்ட சந்தையிலும் தொல்லை உண்டு. 1970 முதல் 'சண்டே பி. மார்னிங்' என்ற பெயரில் வார்ஹோலின் மர்லின் படங்கள் வெளிவந்தன. வாங்குபவரே கையெழுத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்ற முத்திரையோடு அவை விற்கப்பட்டன. அசல் எது என்று தீர்ப்புச் சொல்லிவந்த வார்ஹோல் சான்றளிப்புக் குழு, வழக்குச் செலவு தாங்காமல் 2012இல் கலைக்கப்பட்டது. அதன் பிறகும் 2022 மே மாதம் அவருடைய மர்லின் ஓவியம் ஒன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் 19.5 கோடி டாலருக்கு விலைபோனது. அந்தப் பணம் முகத்துக்கு மட்டும் கொடுத்ததல்ல. அந்தப் பொருள் கடந்துவந்த பாதையின் ஆவணத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது.

சேகரித்தவர்கள்

தமிழில் இந்த வேலையின் மதிப்பை முன்கூட்டியே அறிந்தவர்கள் உண்டு. காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் சென்னைக்கு வந்து, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயின. எழுத்தும் நிறமும் தொழிலாகக் கொண்டவருக்கே துண்டுத்தாளின் அருமை தெரிந்தது.

திரையுலகில் பிலிம் நியூஸ் ஆனந்தன். 'நாடோடி மன்னன்' (1958) முதல் மக்கள் தொடர்பாளராகப் பணியாற்றி, ஸ்டில்களையும் விவரங்களையும் படம் படமாகத் தொகுத்தார். 2004இல் வெளியான அவருடைய 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' இன்றும் ஒரு சுவரொட்டியின் காலத்தைச் சரிபார்க்க முதலில் புரட்ட வேண்டிய நூல். 2016இல் மறைந்தார்.

வடக்கே, ஓட்டல் தொழிலதிபர் பிரியா பால் சேர்த்த பழைய கடைத்தெரு அச்சுப்படங்கள் 'தஸ்வீர் கர்' என்ற எண்ணிம ஆவணகம் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இந்தித் திரைப்படச் சுவரொட்டிகளை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2002இல் கண்காட்சியாக வைத்தது. அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டபின் சந்தை வருவது உலக வழக்கம். தமிழ்ச் சுவரொட்டிகளுக்கு அந்த ஏற்பு இன்னும் முழுமையாக வரவில்லை. கையில் பெரும்பணம் இல்லாத சேகரிப்பாளருக்கு இதுவே நல்ல காலம்.

தாளைக் காப்பது

பாட்டுப் புத்தகமும் நோட்டீஸும் மரக்கூழ்த் தாள். அதிலுள்ள லிக்னின் வெயிலிலும் காற்றிலும் அமிலமாகி, தாளை மஞ்சளாக்கி நொறுக்கும். மதுரையின் கோடையில் இது வேகமாக நடக்கும். அச்சு மைகளில் மஞ்சளும் ரோஸும் முதலில் வெளிறும், நீலம் கடைசிவரை நிற்கும். சலூன் சுவரில் பல வருடம் தொங்கிய நடிகர் நீலமேனியராக மாறுவது இதனால்தான்.

வழிகள் எளியவை. லாமினேட் செய்யாதீர்கள், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப் வேண்டாம், அதன் பசை பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கும். சுவரொட்டியைச் சுருட்டி அட்டைக் குழாயில் திணிப்பதைவிட, அமிலமில்லாத தாள் இடையிட்டுத் தட்டையாக வைப்பது மேல். பிரேம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே ஓர் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். பின்பலகைக்கு ஹார்டுபோர்டு வேண்டாம். வெளிச்சுவரில் மாட்டினால் மழைக்கால ஈரம் ஏறும், உள்சுவரே நல்லது. கரையானும் ராமபாணப் பூச்சியும் இருட்டையும் ஈரத்தையும் தேடும். மூடி வைத்துவிட்டு மறந்துபோவதுதான் பெரிய ஆபத்து.

முகம் யாருடையது

படத்தை வாங்கினால் தாள் மட்டுமே உங்களுடையது. அதை மறுபடி அச்சிட்டு விற்கும் உரிமை ஓவியரிடமோ புகைப்படக்காரரிடமோ தயாரிப்பாளரிடமோ இருக்கும். இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு. அமெரிக்காவில் லின் கோல்ட்ஸ்மித் எடுத்த பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து வார்ஹோல் செய்த படத்தை, ஒரு பத்திரிகை அட்டைக்கு உரிமம் கொடுத்து விற்றது நியாயமான பயன்பாடு ஆகாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகத்துக்கும் தனி உரிமை உண்டு. ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்திய இந்திப் படத்துக்கு எதிரான வழக்கில், 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. டீ-சர்ட்டில் நடிகர் முகம் போட்டு விற்க நினைக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகள் மனத்தில் கொள்ள வேண்டியது இது.

செய்ய வேண்டியது

பெரிய நட்சத்திரங்களின் தாள்கள் எப்படியோ கொஞ்சம் மிஞ்சும், ரசிகர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிறிய வெளிச்சத்தில் நின்றவர்களின் தாள்களே முதலில் அழிகின்றன. பரவை மண்ணிலிருந்து கிளம்பி, ஊர்ப்பெயரையே தன் பெயரின் முன்பாதியாக்கிக்கொண்ட நாட்டுப்புறப் பாடகர் பரவை முனியம்மா, 'தூள்' (2003) படத்தால் உலகத் தமிழர்களுக்கெல்லாம் தெரிந்தார். 2020 மார்ச் 29 அன்று மறைந்தார். கோயில் திருவிழாவுக்கும் கச்சேரிக்கும் ஊரூராக ஒட்டப்படும் நோட்டீஸ்களில்தான் இப்படிப்பட்ட கலைஞர்களின் முகம் முதலில் அச்சாகிறது. அந்தத் தாள்கள் ஏலத்துக்கு வராது, எடைக்குத்தான் வரும். மதுரை வட்டாரத்தில் சேகரிப்பைத் தொடங்குபவர் வார்ஹோலின் நகலைத் தேடி அலையாமல், இவற்றைத் தேடட்டும்.

ஒரு தாள் கைக்கு வந்ததும் அதன் பின்புறம், ஓரத்தில், மெல்லிய பென்சிலால் நான்கு விவரங்களை எழுதுங்கள்: எந்த ஊரில் கிடைத்தது, எந்தத் தேதியில், யாரிடமிருந்து, அச்சகம் எது. பேனா வேண்டாம், மை ஊறிவிடும். படம் எடுத்து ஒரு பிரதியை அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறைக்கோ நூலகத்துக்கோ கொடுங்கள். அச்சடித்தவர் எழுதாமல் விட்டதை இப்போது எழுதாவிட்டால், இன்னும் ஒரு தலைமுறைக்குப் பின் அதை எழுதத் தெரிந்தவர் எவரும் இருக்க மாட்டார்.